கியோட்டோவில் ஒரு மாதம், அக்காவும் நானும்

"இது படி இல்லையடி, ஏணி" என்றாள் அக்கா.

கியோட்டோவில் ஒரு மாதத்துக்கென்று நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த பழைய மரவீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம். சமையலறை, குளியலறை, கழிவறை எல்லாம் கீழே. படுக்கை மாடியில். இரண்டுக்கும் நடுவே அந்தப் படி. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். என் பாதத்தில் முக்கால் பங்குதான் அதில் பதிந்தது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதி உயரத்துக்கு மேல்தான் தொடங்கியது. அக்காவுக்கு 71 வயது, எனக்கு 67. இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்கிற வயது.

இணையத்தில் படம் பார்த்து அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் நான். வாசல் குறுகலாக, உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடு. நடுவில் சின்ன முற்றம், அதில் பாசி படிந்த ஒரு கல். இப்படிப்பட்ட வீட்டை அங்கே மச்சியா என்கிறார்கள். விலாங்கு மீனின் படுக்கை என்று செல்லப்பெயரும் உண்டு. காஞ்சிபுரத்தில் எங்கள் அப்பா வீடும் இதே வாகுதான்: திண்ணை, தறி போட்ட கூடம், முற்றம், பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக. படத்தைப் பார்த்ததுமே மனம் அங்கே போய்விட்டது. இருபது படங்களில் மாடிப்படியின் படம் ஒன்றுகூட இல்லை என்பது கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, கீழிருந்து மூன்றாவது படியில் என் வலது கால் நழுவியது.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் மட்டும் பந்துபோல் வீங்கிவிட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடியும்வரை கீழே கூடத்துப் பாயிலேயே இருந்தோம். முதியவர்கள் வெளியூரில் மாதக்கணக்கில் தங்குவதைப் பற்றி யார் என்னைக் கேட்டாலும் நான் முதலில் பேசுவது அந்தப் படியைப் பற்றித்தான். வீட்டைக் கண்ணுக்காகப் பிடிக்காதீர்கள், காலுக்காகப் பிடியுங்கள்.

எத்தனையோ ஊர் இருக்க ஏன் கியோட்டோ என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பா பட்டுத்தறி நெய்தவர். அக்கா பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். கியோட்டோவில் நிஷிஜின் என்றொரு பகுதி, நெசவாளர் பகுதி, இருப்பதை அவள் எப்போதோ படித்து மனத்தில் வைத்திருந்தாள். நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் மேற்குப் படை முகாமிட்டிருந்த இடம் அது. ஊரே எரிந்து அடங்கியபின், சிதறிப்போயிருந்த நெசவாளர்கள் திரும்பி வந்து அங்கே தறி போட்டார்கள். கிமோனோவின் மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் ஓபி என்னும் பட்டுப் பட்டைக்கு இன்றும் அந்த இடம்தான் பேர்போனது. 1872இல் இந்த ஊரிலிருந்து மூன்று பேரை பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு சித்திரம் நெய்யும் ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் செய்திருக்கிறார்கள். அட்டை கோத்த அந்த ஜக்கார்டுப் பெட்டியின் சத்தத்தில்தான் நாங்களும் வளர்ந்தோம்.

ஒரு மாதம் தங்குவதற்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி ஏதாவது ஒரு நூல் கையில் இருந்தால் நல்லது. நான்கு நாள் சுற்றுலாவுக்கு அழகு போதும். முப்பது நாளுக்கு அது போதாது. பத்தாம் நாள் கோயில்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது நமக்கென்று தேடிப்போக ஒன்று வேண்டும். இசை, தோட்டம், மட்பாண்டம், எதுவாகவும் இருக்கலாம்.

காலையில், தெருமுனையில் இருந்த சிறிய எலும்பு மருத்துவமனைக்குப் போனோம். ஒரு மூலையில் தாத்தா பாட்டிகள் வரிசையாக முழங்காலுக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தி இடம் விட்டார்கள். மருத்துவர் ஒரு கருவியில் ஜப்பானிய மொழியில் பேசினார். அது ஆங்கிலத்தில் சொன்னது. எக்ஸ்ரே எடுத்தார். தசைநார் இழுத்திருக்கிறது, பத்து நாள் கட்டு, நான்கு நாள் நடமாட்டமே கூடாது என்றார். கட்டணம் 11,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல், ரொக்கமாக. அப்போது ஒரு யென் சுமார் 56 காசு. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். ஆனால் காப்பீட்டு நிறுவனம் மருத்துவர் கையெழுத்திட்ட ஆங்கிலச் சான்று கேட்டது. என்னிடம் இருந்ததோ ஜப்பானிய மொழி ரசீது. அதற்காக மறுபடி அக்காவை அனுப்பவேண்டியதாயிற்று. காப்பீட்டுத் தாளில் எந்தெந்த ஆவணம் வேண்டும் என்று போட்டிருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்; மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்பதையும் ஊரிலேயே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

மருந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சீட்டில் வாங்கிய மாத்திரைகளை ஒரு மாத அளவுக்கு மட்டுமே ஜப்பானுக்குள் நேராகக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அவர்களுடைய சான்றிதழ் வாங்கவேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளுக்கு அனுமதியே இல்லை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நம் வீட்டில் சாதாரணமாகக் கிடக்கும் பாட்டில் அங்கே பெரிய சிக்கலாகிவிடும். நாங்கள் முப்பது நாளுக்கு எண்ணி, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் கடிதத்தோடு எடுத்துப் போனோம். மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டதும் பயன்பட்டது.

ஐந்தாம் நாள் வீடு மாறினோம். முழு மாத வாடகையும் முன்பணமாகக் கட்டியிருந்ததால், மிச்ச நாட்களுக்கான தொகையில் பாதிதான் திரும்பி வந்தது. புது இடம் ஹோரிகவா, இமாதேகவா என்ற இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்துக்குப் பின்புறச் சந்தில், நாலாவது மாடி. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல்நிறப் பெட்டி, படம் எடுக்கத் தோன்றாது. ஆனால் லிஃப்ட் உண்டு. கட்டில் உண்டு. கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஆறு எட்டு. குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் கைப்பிடி. ஒரு இரவுக்கு 9,000 யென் வீதம் 26 இரவுகள்.

இப்போது யாராவது வீடு பார்த்துச் சொல்லச் சொன்னால், உரிமையாளருக்கு எழுதிக் கேட்கச் சொல்வேன்: வாசலிலிருந்து படுக்கைவரை எத்தனை படி, படியின் படம் அனுப்ப முடியுமா, கழிவறை எந்தத் தளம், கட்டிலா தரைப்படுக்கையா, குளியல் தொட்டியின் விளிம்பு முழங்காலுக்கு மேலா கீழா, அருகில் காய்கறிக் கடை எத்தனை நிமிட நடை. தரைப்படுக்கை நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்கவேண்டாம். படுப்பது எளிது, பிடிக்க ஒன்றும் இல்லாத அறையில் எழுந்திருப்பதுதான் பாடு. இன்னொன்று, முதல் வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். இடம் பிடித்திருந்தால் நீட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் மனம் நிம்மதியாக இருக்கும்.

நடக்கக் கூடாது என்று சொன்ன நாட்கள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா தினம் காலையில் தனியாகக் கிளம்பினாள். முதல் நாள் சந்து முனைவரை. அடுத்த நாள் இரண்டு தெரு தள்ளி. அவள் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அதில் வீட்டு முகவரி ஜப்பானிய எழுத்தில், என் தொலைபேசி எண், அவளுடைய ரத்த வகை. அதைப் போட்டுக்கொள்ள முதலில் தயங்கினாள். பிறகு இரண்டு முறை அதைக் காட்டித்தான் வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் பாடம் நடத்துவதுபோலச் சொல்வாள்: மூன்றாவது வீட்டில் தறிச் சத்தம் கேட்கிறது, மின்தறிதான், முனைக் கடையில் அன்றைக்குச் செய்த தோஃபு தண்ணீரில் மிதக்கிறது, சந்து திரும்பும் இடத்தில் நம்மூர்த் தெருப் பிள்ளையார் மாதிரி ஒரு சின்ன மாடம், சிவப்புத் துணி கட்டிய கல் உருவம், பெயர் ஜிஸோ, எதிரே புதுத் தண்ணீரும் பூவும்.

எங்கள் பயணத்தின் வேகம் அந்த நாட்களில்தான் முடிவாயிற்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். அதுவும் முற்பகலில். மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்டுத் தூக்கம். சாயங்காலம் நம் தெருவுக்குள்ளேயே இருபது நிமிட நடை. மூன்று நாளுக்கு ஒரு நாள் எங்கும் போவதில்லை. சென்னையிலிருந்து நான் எழுதிக்கொண்டு போன பட்டியலில் 41 இடங்கள் இருந்தன. பார்த்தது 15கூட இருக்காது. ஆனால் தோஜி கோயிலுக்கு மூன்று முறை போனோம். கிதானோ தென்மாங்கு ஆலயம் பக்கத்திலேயே என்பதால் எத்தனை முறை என்று கணக்கில்லை. போன இடத்துக்கே திரும்பப் போவது ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. முதல் முறை வழியையும் கழிவறையையும் செருப்பு விடும் இடத்தையும்தான் பார்ப்போம். இரண்டாம் முறைதான் கோயிலைப் பார்ப்போம்.

தோஜியில் அப்படித்தான் நடந்தது. கூகாய் என்ற துறவியிடம் 823இல் ஒப்படைக்கப்பட்ட கோயில் அது. ஐந்தடுக்குக் கோபுரம் 54.8 மீட்டர், ஜப்பானில் மரத்தால் ஆன கோபுரங்களில் இதுதான் உயரமானது. முதல் முறை அதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கூகாயின் நினைவாக மாதந்தோறும் 21ஆம் தேதி வளாகம் முழுக்கச் சந்தை கூடும். இரண்டாம் முறை அதில் பழைய பட்டுத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே நேரம் போயிற்று. மூன்றாம் முறை ஒரு மழைநாள், கூட்டமே இல்லை. சொற்பொழிவு மண்டபம் என்று பெயர் கொண்ட இருண்ட கூடத்துக்குள் 21 சிலைகள். நடுவில் புத்தர்கள், அடுத்து போதிசத்துவர்கள், அனல் சூழ்ந்த காவல் தெய்வங்கள். அக்கா ஓரமாகவே நடந்துபோய் ஒரு மூலையில் நின்றுவிட்டாள். என்னைக் கையால் மட்டும் அழைத்தாள்.

யானைமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு, அரசன் ஓய்வாக அமர்வதைப் போல. "இந்திரன்" என்றாள் அக்கா. பெயர்ப் பலகையில் தைஷாகுதென் என்று இருந்தது. இந்திரனேதான். கூடத்தின் மறு கோடியில் பொன்தென், நான்கு முகம், கீழே நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரை. பிரம்மா. அந்த அன்னங்களின் முகத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் தாங்குகிற களைப்பு கொஞ்சமும் இல்லாமல், எங்கள் அப்பா சேலைக் கரையில் நெய்யும் அன்னத்தைப்போல் கழுத்தை வளைத்து நின்றன. 839இல் நிறுவிய கூட்டம் அது. அத்தனை நாடு கடந்து, அத்தனை மொழி மாறி, வாகனம் மட்டும் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் பௌத்தம் பரவிய வழியை நிலப்படத்தில் அம்புக்குறியாக வரைந்து காட்டியவள் அவள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஊரின் பல கோயில் கூடங்களுக்குள் காலணியோடு போக முடியாது. அது நமக்குப் புதிதில்லை. ஆனால் மரத்தரை அக்டோபர் கடைசியிலேயே சில்லென்று ஏறும். தடித்த காலுறை இரண்டு சோடி கைப்பையில் இருக்கட்டும். நாடா கட்டும் காலணி வேண்டாம், குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். ஆலய வளாகங்களில் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். கைத்தடி அதில் புதையும், மெதுவாகப் போங்கள். ஒரு பெரிய ஆறுதல், கழிவறை. ரயில் நிலையம், கோயில், பூங்கா, இருபத்துநான்கு மணி நேரக் கடை என்று எங்கும் சுத்தமாக, பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்தது. வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள் நாங்கள். அங்கே அந்தப் பயமே இல்லாமல் குடித்தோம். முதிய பெண்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பை ஒரு ஊர் தந்துவிட முடியாது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

கூட்டத்தைத் தவிர்க்க எங்களுக்கு உதவியது வயதுதான். நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஃபுஷிமி இனாரி ஆலயம் நாள் முழுதும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தோம். செந்நிறத் தோரண வாயில்கள் மலைமேல் வரிசையாக ஏறிப் போகின்றன. உச்சி 233 மீட்டர். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. மூச்சு எங்கே சொன்னதோ அங்கே உட்கார்ந்தோம். இறங்கும்போது எதிரே ஏறி வந்த கூட்டத்தைப் பார்த்ததும், விடிகாலையில் கிளம்பியது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

நகர பஸ்ஸில் பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்கவேண்டும். நாங்கள் போனபோது நகரின் பெரும்பகுதிக்குள் எங்கே போனாலும் 230 யென், இறங்கும்போது கட்டினால் போதும். நிலையத்தில் விற்கும் இக்கோகா அட்டையில் பணம் போட்டுக்கொண்டால் சில்லறை தேடவேண்டாம். ஆனால் புகழ்பெற்ற கோயில்களுக்குப் போகும் தடங்களில் பகலில் நிற்கவே இடம் இருக்காது. கால் வலிக்கும் நாளில் சுரங்க ரயிலும் டாக்ஸியும்தான் எங்களுக்குச் சரி. டாக்ஸிக் கதவை நீங்கள் தொடவேண்டாம், ஓட்டுநரே திறந்து மூடுவார்.

அக்டோபர் 22ஆம் தேதிக்காகவே மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். அன்று ஜிதாய் மத்சுரி, காலங்களின் திருவிழா. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் இது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் பேரரசர் டோக்கியோவுக்குப் போய்விட்டார். ஊர் சோர்ந்துவிடக் கூடாது என்று, 1,100ஆம் ஆண்டு நிறைவுக்கு 1895இல் ஹெய்யான் ஆலயத்தைக் கட்டி இந்த ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். பழைய அரண்மனையிலிருந்து புறப்பட்டு, மெய்ஜி காலத்து உடைகளில் ஆரம்பித்து, பின்னோக்கிப் பின்னோக்கி, ஊர் தலைநகரான ஹெய்யான் காலம்வரை நடந்து போகிறார்கள். அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். "நான் முன்னிருந்து பின்னாக நடத்திய பாடத்தை இவர்கள் பின்னிருந்து முன்னாக நடத்துகிறார்கள்" என்றாள். பல உடைகள் நிஷிஜின் பட்டு. ஒரு குதிரைவீரனின் தோளில் வெயில் பட்டபோது, சரிகை மின்னிய விதத்தை வைத்தே அது நல்ல சரிகை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சாப்பாடு. எனக்கு மீன் பழக்கம் உண்டு, அக்கா சைவம். ஜப்பானில் சைவத்துக்கு எதிரி தட்டில் தெரியும் இறைச்சி இல்லை, கண்ணுக்குத் தெரியாத தாஷி. உலர்ந்த மீன் சீவலில் எடுக்கும் சாறு அது. காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ், வெந்த முள்ளங்கி எல்லாவற்றிலும் கலந்திருக்கும். "இறைச்சி இல்லை" என்று அவர்கள் மனமாரச் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் தெளிவாக எழுதிய அட்டையைக் காட்டவேண்டும். ஜென் கோயில்களை ஒட்டி ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் உணவு கிடைக்கும். மீனும் இறைச்சியும் மட்டுமல்லாமல் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சோயாப் பாலைக் காய்ச்சி மேலே படியும் ஆடையை எடுத்துச் செய்யும் யுபா என்ற பண்டம் அக்காவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மற்றபடி வீட்டுச் சமையல்தான். பச்சைக் காய், பழம், விதை எதையும் சான்றிதழ் இல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலையையும் விட்டுவிட்டுத்தான் போனோம். கடைகளில் அடைத்து விற்கும் சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம் போதுமானதாக இருந்தது. அங்கே கத்திரிக்காய் பெரிய உருண்டையாக, காமோ என்ற பெயரில் கிடைக்கிறது. சுட்டுத் துவையல் செய்தால் அமிர்தம். அவர்களுடைய அரிசி குழைந்து ஒட்டும், சாம்பாருக்கு இணங்காது. ஆனால் தயிர்ச் சோற்றுக்கென்றே விளைந்ததுபோல் இருந்தது. சூடாக வடித்து, பால் விட்டுப் பிசைந்து, இனிப்புச் சேர்க்காத தயிர் இரண்டு கரண்டி, இஞ்சி நறுக்கிப் போட்டு வைத்தால் மதியத்துக்குப் பதமாக இருக்கும். கால் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து அதைச் சாப்பிட்ட மதியங்களில் ஊர் நினைப்பு வந்து வாட்டவில்லை.

குப்பையில்தான் தடுமாறினோம். எரிக்கும் குப்பைக்கு மஞ்சள் பை, பாட்டில் முதலியவற்றுக்குத் தெளிந்த பை. இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டும். எரிக்கும் குப்பை வாரத்தில் இரண்டு நாள்தான் எடுப்பார்கள். காகம் கொத்தாமல் மேலே வலை போட்டு மூடவேண்டும். நாங்கள் மஞ்சள் பைக்குள் தண்ணீர் பாட்டிலையும் போட்டுவிட்டோம். எல்லார் பையையும் எடுத்துப் போன வண்டி, எங்கள் பையை மட்டும் ஒரு சீட்டு ஒட்டி வாசலிலேயே விட்டுப் போனது. தெருவே பார்க்கும்படி அது கிடந்தபோது எனக்கு உடம்பு கூசியது. அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், முதுகு வளைந்திருந்தது. பையைப் பிரித்து, பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, மேலே சுற்றியிருந்த தாளை உரித்து, மூன்றையும் தனித்தனியாக எங்கள் முன் வைத்துக் காட்டினார். பேச்சே இல்லை. அக்கா அதேபோல் அடுத்த பாட்டிலைச் செய்து காட்டினாள். பாட்டி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார்.

அதன்பின் தினமும் அவரைப் பார்த்தோம். ஆறரை மணிக்கு வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். ஜிஸோவுக்குத் தண்ணீர் மாற்றுவதும் அவர்தான். கியோட்டோவில் வாசல் பெருக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது: தன் வாசலைப் பெருக்கி, பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் ஒரு சாண் பெருக்கி அங்கே நிறுத்திவிட வேண்டும். எல்லையிலேயே நிறுத்தினால் ஒட்டாத மனம். நிறையப் பெருக்கிவிட்டால் அவர்களுக்குக் கடன் ஏற்றியதாகிவிடும். கதவோரம் நின்று அவர் துடைப்பம் அந்த இடத்தில் சரியாக நிற்பதை அக்கா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்தப் பாட்டியின் மூலமாகத்தான் நெசவாளர் ஒருவர் வீட்டுக்குள் போகக் கிடைத்தது. அக்கா தொலைபேசியில் அப்பாவின் தறிப் படத்தைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் பாட்டி எங்களைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு இரண்டு சந்து தள்ளிப் போனார். தறிமுன் ஒரு முதியவர், எங்கள் வயது இருக்கும். அவர் நெய்வது த்சுஸுரே என்னும் வகை. ஜக்கார்டு இல்லை. பாவின், அதாவது நெடுக்கிழைகளின், அடியில் வைத்த படத்தைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இழை சுமந்து ஓடும் ஒரு சிறு நாடாக் கட்டையால் ஊடை என்னும் குறுக்கிழை கொடுத்து, அந்த இழையை விரல் நகத்தால் வாரி வாரி இழுத்து அமர்த்துகிறார். நகத்தை எங்களிடம் நீட்டினார். நடுவிரல், மோதிரவிரல் நகங்களின் விளிம்பில் ரம்பப் பல்லாக அராவி வைத்திருந்தார். அந்தப் பல் இடுக்கில் ஒரு சிவப்பு இழை சிக்கியிருந்தது.

அக்கா அந்தக் கையை வாங்கிக்கொண்டாள். ஜப்பானில் அந்நியர் கையைத் தொடமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு வலது கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு இருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டுதான் தூங்குவோம். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு தறியில் தன் பக்கத்தில் இடம் கொடுத்து, அக்காவின் கையில் நாடாவைக் கொடுத்தார். அவள் ஒரு ஊடை ஓட்டினாள். அவர் நகத்தால் அதை வாரி அமர்த்தினார். எங்கோ யாருடைய இடுப்பிலோ கட்டப்போகும் ஓபியில் அக்கா ஓட்டிய ஒரு இழை இருக்கிறது.

செலவைக் கேட்பவர்களுக்காக: வாடகை 26 இரவுக்கு 2,34,000 யென், நம் பணத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேல், முதல் வீட்டில் போனது தனி. வீட்டில் சமைத்ததால் சாப்பாட்டுக்கு இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 யென்னுக்குள் முடிந்தது. சிங்கப்பூரில் விமானம் மாறி கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்களும் கேட்கலாம், விமானம் மாறும் நிலையத்தின் நீண்ட நடை அதோடு தீர்ந்துவிடும். விசாவுக்கு நாள்வாரித் திட்டமும், ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் விவரமும் கொடுத்தோம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இரவு எட்டு மணிக்குப் பேசினால் ஊரில் மாலை நாலரை. பேரன் பள்ளியிலிருந்து வந்த நேரம். தினமும் அந்த ஒரு வேளைதான் பேசினோம்.

கடைசி நாள் காலையில் மூன்று மஞ்சள் பைகள் மிச்சம் இருந்தன. அக்கா அவற்றை மடித்து, இரண்டு கையாலும் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி உள்ளே போய் இரண்டு சீமைப் பனிச்சைப் பழம் கொண்டுவந்தார். பழத்தை வாங்கிக்கொண்ட அக்கா, என் கையில் அதைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த பாட்டியின் துடைப்பத்தை எடுத்தாள். எங்கள் கட்டிட வாசலைக் குனிந்து பெருக்கினாள். உதிர்ந்திருந்த இலைகளை ஓரமாகக் கூட்டிக்கொண்டே வந்து, பாட்டி வீட்டு எல்லைக்குள் ஒரு சாண் பெருக்கி, அங்கே நிறுத்தினாள்.